பாலம் தாங்கும் என்கிறார்கள், வேகம் தாங்குமா?

பத்திரிகையைத் திறந்தால் வேகம்! மேடையில் மந்திரி ஏறினால் வேகம்! மணிக்கு 160 கிலோ மீட்டர், மணிக்கு 180, அடுத்து மணிக்கு 320! இஞ்சின் மூக்கின் அழகென்ன, நாற்காலியின் மெத்தையென்ன என்று பத்தி பத்தியாக வர்ணிக்கிறார்கள். சரி, அந்த ரயில் எதன் மேல் ஓடுகிறது? ஆற்றுக்கு மேலும் வயலுக்கு மேலும் அதைச் சுமந்து நிற்கிற பாலம் அந்த நேரத்தில் என்ன செய்கிறது? இதைப்பற்றி ஒரு வரி கிடையாது. கேட்டால் ஒரே பதில்தான்: "பாலம் பலமானது, பாரத்தைத் தாங்கும்."

இது பாதிப் பதில், தோழர்களே! இந்தப் பாதிப் பதிலை நம்பி உயிரை விட்டவர்கள் உண்டு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பாலம் என்றதும் நம்மவர்களுக்கு 1956 நவம்பரில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்த கொடுமைதான் நினைவுக்கு வரும். அது வெள்ளம் செய்த வேலை. நான் சொல்ல வருவது வேறு. வெள்ளமில்லை, புயலில்லை, பாலமும் உடையவில்லை. ஆனாலும் ரயிலுக்கு ஆபத்து வருகிறதே, அந்தச் சங்கதி.

அறுப்புக்குப் போகிற தோழர்களுக்கு இதை விளக்கச் சிரமமே இல்லை. வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தென்னை மரம் போட்டிருக்கும். தலையில் கதிர்க்கட்டோடு மெதுவாக நடந்தால் மரம் கொஞ்சம் தொய்யும், கடந்ததும் நிமிரும். அதே மரத்தின் மேல் ஓடிப் பாருங்கள். அதே ஆள், அதே கட்டு. மரம் உங்களைத் தூக்கித் தூக்கிப் போடும். முன்னும் பின்னுமாக நாலு பேர் ஒரே தாளத்தில் அடிவைத்துப் போனாலோ கேட்கவே வேண்டாம். மரம் முறிந்ததா? முறியவில்லை. ஆனால் கட்டு வாய்க்காலில்!

மில் தோழர்களும் அறிவார்கள். மாடியில் தறி ஓடுகிற பழைய கட்டடத்தில், தறிகள் நின்றிருக்கும்போது தரை கல்லாகக் கிடக்கும். ஓட ஆரம்பித்ததும் உள்ளங்காலில் தரை நடுங்கும். தறியின் எடை ஒரு ராத்தல்கூடக் கூடவில்லையே! கூடியது ஓட்டம்.

ஆக, இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாலம் முறியுமா என்பது ஒன்று. பாலம் எவ்வளவு வளையும், அந்த வளைவு ஓடுகிற ரயிலை என்ன செய்யும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதை முழுங்கிவிடுவது பழைய தந்திரம்.

பெயிண்டர் கண்டது, இஞ்சினீயர் காணாதது

இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்தை ஒட்டி டீ என்றொரு நதி ஓடுகிறது. 1846ல் அதன் குறுக்கே ரயில் பாலம் கட்டினார்கள். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்டீபன்சன். ரயில் இஞ்சினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன். அந்தக் காலத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மூன்று கண் பாலம், ஒவ்வொரு கண்ணும் 98 அடி. அவ்வளவு நீளத்துக்கு ஒரே துண்டாக வார்ப்பிரும்பு வார்க்க முடியாது. ஆகவே மூன்று துண்டுகளை வார்த்து, போல்ட்டு போட்டு இணைத்து, பக்கத்தில் தேனிரும்புப் பட்டைகளை இழுத்துக் கட்டினார்கள். சர்க்காரின் ரயில்வே இன்ஸ்பெக்டர் ஜெனரல் பாஸ்லி வந்து பார்த்தார், சரி என்றார், ரயில் ஓடியது.

1847 மே 24. அன்று பாலத்தின் மரத்தளத்தின் மேல் சுமார் 5 அங்குல உயரத்துக்குக் கல் பரப்பினார்கள். வேறொரு லைனில் இஞ்சின் நெருப்பு பட்டு ஒரு பாலம் எரிந்துபோயிருந்தது. இங்கே அப்படி ஆகாமலிருக்க இந்த முன்யோசனை! நெருப்பிலிருந்து காப்பாற்றக் கல்லைக் கொட்டி, பாலத்தின் முதுகில் கூடுதல் பாரம் ஏற்றினார்கள். அன்று மாலையே ரூவாபன் ஊருக்குப் போகிற பிரயாணி வண்டி வந்தது. கடைசிக் கண்ணில் போகும்போது தன் காலடியில் பாலம் தாழ்வதை டிரைவர் உணர்ந்தார். நீராவியை முழுக்கத் திறந்துவிட்டார். இஞ்சின் கரையேறிவிட்டது. பின்னாலிருந்த பெட்டிகள் நதியில் விழுந்தன. ஐந்து பேர் மாண்டார்கள். அவர்களில் பயர்மேன் ஒருவர், கார்டு ஒருவர். தப்பிய டிரைவர் தன் உயிர் பிழைத்ததே போதும் என்று உட்காரவில்லை. அடுத்த ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போய் ஆபத்தைச் சொன்னார்.

மரண விசாரணையில் ஸ்டீபன்சன் என்ன சொன்னார் தெரியுமா? என் பாலம் நல்ல பாலம். ரயில்தான் முதலில் தடம் புரண்டு கர்டரைப் பக்கவாட்டில் இடித்து உடைத்தது என்றார். அதாவது குற்றவாளி பாலமல்ல, வண்டி! எத்தனை வருஷப் பழைய பாட்டு பாருங்கள்.

ஆனால் கூண்டில் ஏறியவர்களில் இன்னொரு ரகமும் இருந்தது. அந்தப் பாலத்துக்கு வர்ணம் அடித்தவர்கள், அதன்மேல் வேலை பார்த்தவர்கள். ரயில் போகும்போதெல்லாம் கர்டர் அங்குலக் கணக்கில் தொய்வதைக் கண்ணால் பார்த்தோம் என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். மாதக்கணக்கில் வளைந்து வளைந்து நிமிர்ந்திருக்கிறது பாலம். கையில் பிரஷ் பிடித்தவனுக்குத் தெரிந்தது, கையில் காம்பஸ் பிடித்தவருக்குத் தெரியவில்லை. ஏன்? பெயிண்டரிடம் யாரும் கேட்கவில்லை! ராணுவ இஞ்சினீயர் காப்டன் சிம்மன்ஸ் மிச்சமிருந்த கண்களின் மேல் இஞ்சினை ஓட்டி அளந்து பார்த்தார். தொழிலாளிகள் சொன்னது மெய்யென்று புலப்பட்டது.

ஜூரிகள் ஸ்டீபன்சன் கதையை ஏற்கவில்லை. கர்டருக்குப் போதிய பலமில்லாமல்தான் உடைந்தது என்றார்கள். அதோடு விடவில்லை, இதே மாதிரி நூற்றுக்கு மேற்பட்ட பாலங்கள் நாட்டில் இருக்கின்றன, சர்க்கார் விசாரிக்க வேண்டும் என்றார்கள். ஸ்டீபன்சனுக்குத் தண்டனையா? அதே 1847ல் பார்லிமெண்ட் மெம்பரானார்! நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: அவர் பாடம் படித்தார். 1850ல் திறந்த அவருடைய பிரிட்டானியா பாலத்தில் தேனிரும்பால் பெரிய குழாய் செய்து, ரயிலை அதன் வயிற்றுக்குள் ஓடவிட்டார். அந்தக் குழாய் லேசில் வளையாது. ஐந்து பேர் செத்த பிறகு வந்த ஞானம்.

வேகத்தின் எடை

ஜூரிகள் கேட்ட விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதன் சோதனைகளை நடத்தியவர்களில் ராபர்ட் வில்லிஸ் என்ற பேராசிரியரும் ஒருவர். போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் உயரமான சரிவு ஒன்றை அமைத்து, பாரம் ஏற்றிய வண்டியை அதிலிருந்து உருட்டிவிட்டு, கீழே 9 அடி நீள வார்ப்பிரும்புச் சட்டங்களின் மேல் ஓடவிட்டார்கள். வண்டி சும்மா நின்றபோது சட்டம் 0.6 அங்குலம் வளைந்தது. மணிக்கு 10 மைல் வேகத்தில் 0.8 அங்குலம். மணிக்கு 30 மைல் வேகத்தில் 1.5 அங்குலம்! எடை அதேதான், வேகம் மட்டும் வளைவை இரண்டரை மடங்காக்கிவிட்டது. நிற்கிற பாரத்தைச் சுகமாகத் தாங்கிய சட்டம், ஓடுகிற பாரத்தில் முறிந்தது.

கேம்பிரிட்ஜில் ஸ்டோக்ஸ் என்ற கணித மேதை 1849ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அந்தக் கணக்குக்குள் போனால் திரும்பி வரமாட்டேன். ஆனால் சாரம் நமக்கெல்லாம் புரியக்கூடியதுதான். வளைந்த பாலத்தின் மேல் போகிற சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. மெல்லப் போனால் அந்தப் பள்ளமே தெரியாது. வேகமாகப் போனால் இறங்கி ஏறும்போது அது பாலத்தை அதிகமாக அழுத்துகிறது. அழுத்தினால் பாலம் இன்னும் வளைகிறது. வளைந்தால் சக்கரம் இன்னும் அழுத்துகிறது. ஒன்றை ஒன்று ஏற்றிவிடுகிற சண்டை மாதிரி!

மெய்யான பெரிய பாலங்களில் இந்த விளைவு சோதனைச் சட்டங்களில் கண்ட அளவுக்கு இல்லை என்று கமிஷனே கண்டது. அது உண்மை. பாலத்தின் சொந்த எடை பெரிது, அன்றைய ரயிலின் வேகம் சிறிது. அந்த உண்மையைத் தலையணையாக வைத்துக்கொண்டு உலகம் நூறு வருஷத்துக்கு மேல் தூங்கியது. 1964 அக்டோபரில் ஜப்பான் டோக்கியோ-ஒசாகா மார்க்கத்தில் மணிக்கு 210 கிலோ மீட்டரில் ரயில் விட்டபோது அந்தத் தூக்கம் கலைய வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோ மீட்டரில் போகிற வண்டி 40 மீட்டர் பாலத்தைக் கடக்க ஏறத்தாழ 5 விநாடி ஆகும். மணிக்கு 300ல் அரை விநாடிகூட ஆகாது. நடுவில் 2 சென்டி மீட்டர் தொய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மீட்டரில் அது கண்ணுக்கே தெரியாது. வேகம் பத்து மடங்கானால் அந்தத் தொய்வு கொடுக்கிற உதறல் பத்து மடங்கல்ல, நூறு மடங்கு! மெதுவண்டியின் சக்கரம் கவனிக்காமல் போகிற அதே பள்ளத்தில், வேகவண்டியின் சக்கரம் தன்மேலுள்ள பாரத்தில் பதினொன்றில் ஒரு பங்கை ஏற்றியிறக்கும் அளவுக்கு உதறல் வாங்குகிறது. ஒரு கண் முடிந்து அடுத்த கண் தொடங்குகிற சந்தில் பாதை மேடுகட்டி நிற்கும். அங்கே சக்கரத்தின் பிடி தளர்கிறது. ரயில் சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்து வைத்திருப்பது அதன்மேல் இருக்கிற பாரமும், ஓர் அங்குலச் சொச்சம் உள்ள விளிம்பும்தான். பாரம் தளர்கிற நேரத்தில் பக்கத்திலிருந்து காற்றோ நடுக்கமோ தள்ளினால் விளிம்பு தண்டவாளத்தின் மேலேறப் பார்க்கும்.

இன்னொன்று, தாளம். தூளியை ஆட்டுகிற தாய்க்கு இது தெரியும். பலமாகத் தள்ள வேண்டியதில்லை. போய்த் திரும்புகிற நேரம் பார்த்து விரலால் தொட்டால் போதும், ஆட்டம் பெருகும். பாலத்துக்கும் அப்படிச் சொந்த ஆட்டம் ஒன்று உண்டு. விநாடிக்கு இத்தனை தடவை என்று. ஜப்பானிய வேக ரயிலில் பெட்டி ஒன்று 25 மீட்டர். மணிக்கு 300ல் ஓடினால் விநாடிக்கு மூன்றுக்குச் சற்று மேற்பட்ட தடவை பெட்டிகளின் சக்கரங்கள் பாலத்தைத் தட்டுகின்றன. பாலத்தின் சொந்த ஆட்டமும் அதே கணக்கில் இருந்துவிட்டால்? முதல் பெட்டி தட்டியது கொஞ்சம், பதினாறாவது பெட்டி தட்டும்போது பாலம் ஊஞ்சல்! எடை கூடவில்லை, பாலம் பலவீனப்படவில்லை. தாளம் ஒத்துப்போனது, அவ்வளவுதான். வேகத்தை மணிக்கு 250 ஆகக் குறைத்தால் ஆட்டம் அடங்கிவிடலாம். மெதுவாகப் போய்ச் சோதித்துச் சரி என்று கையெழுத்திட்ட பாலம் வேகத்தில் வேறு பாலமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிரான்சில் 1981ல் திறந்த பாரிஸ்-லியோன் வேக லைனில் இது நடந்தது. சில குட்டைப் பாலங்களின் தளம் அளவுமீறி அதிர்ந்தது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லி கலகலத்துப் போனது. ஜல்லிக்குக் கெட்டித்தனம் கல்லோடு கல் பற்றி நிற்பதில்தான் என்று நம் கேங்மேன் தோழர்கள் சொல்வார்கள். சோதித்துப் பார்த்ததில், தளத்தின் குலுக்கல் புவியீர்ப்பில் சுமார் 0.7 பங்கைத் தொட்டால் ஜல்லி பிடிவிட்டு மணல் மாதிரி ஓடுகிறதென்று தெரிந்தது. ஆகவே அதில் பாதி, 0.35 பங்குக்கு மேல் தளம் குலுங்கக்கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமாக்கினார்கள். பாலம் உடைகிற அளவு அல்ல இது. உடைவதற்கு வெகு தூரம் முன்னால் போட்ட கோடு.

போதாததற்குக் கான்கிரீட் சும்மா கிடக்கிற பொருளும் அல்ல. உள்ளே எஃகுக் கம்பிகளை முறுக்கி இழுத்துக் கட்டிய கர்டர், கட்டி முடித்த பிறகும் வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல முதுகைத் தூக்கிக்கொண்டே போகும். வெயிலில் மேல்தளம் காய்ந்தால் இன்னும் கொஞ்சம். சீனாவில் 32 மீட்டர் நீளமும் 900 டன் அளவு எடையும் கொண்ட கர்டர்களை வரிசையாக வைத்து வேக லைன் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சில மில்லி மீட்டர் முதுகு தூக்கினால், நேர் பாதை 32 மீட்டருக்கு ஓர் அலையாக மாறிவிடும். ரயில் அதன்மேல் படகு. அதனால்தான் அங்கே முதுகுத்தூக்கலை இடைவிடாமல் அளக்கிறார்கள்.

யாருக்கு மில்லி மீட்டர், யாருக்குப் பலகை?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மும்பை-ஆமதாபாத் புல்லட் ரயிலுக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 508 கிலோ மீட்டர். பெரும் பகுதி தூணுக்கு மேலே. 40 மீட்டர் கர்டர் ஒன்று 970 டன். அதன்மேல் இரு பாதையிலும் ஒரே சமயத்தில் ரயில் நின்றாலும் ரயிலின் எடை 200 டன்னைத் தொடாது! இருநூறு டன்னுக்கும் குறைவானதைச் சுமக்க 970 டன் எதற்கு? முறியாமலிருக்க மட்டும் இவ்வளவு வேண்டாம், வளையாமலிருக்க வேண்டும். ஒரு லட்சத்து எட்டாயிரம் கோடி ரூபாய் என்று முதலில் மதிப்பிட்ட அந்தத் திட்டத்தில் பணம் போகிற பெரிய வழிகளில் இது ஒன்று. வேகத்தின் விலை இஞ்சினில் இல்லை, அடியில் இருக்கிறது என்பது கட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேடையில் பேசுகிறவர்கள்தான் சொல்வதில்லை.

இதை நான் குறைகூறவில்லை. வேக ரயிலின் பாலம் விறைப்பாக இருக்கத்தான் வேண்டும். நான் கேட்பது வேறு: அங்கே மில்லி மீட்டரில் அளக்கத் தெரிந்த அறிவு, நீங்களும் நானும் நின்றுகொண்டு போகிற பாசஞ்சர் வண்டியின் பாலத்துக்கு ஏன் வருவதில்லை? அங்கே கர்டர்; இங்கே மஞ்சள் பலகை! "வேகம் குறை" என்று ஒரு பலகையை நட்டுவிட்டு வருஷங்கள் தள்ளுகிறார்கள். 180 கிலோ மீட்டர் ஓடும் என்று கட்டிய வந்தே பாரத் வண்டி அந்த வேகத்தில் ஏன் ஓடவில்லை? இஞ்சினுக்கு மூச்சில்லாமலா? பாதைக்கும் பாலத்துக்கும் அந்தத் திராணியை யாரும் கொடுக்கவில்லை. தாமதமானால் ஏச்சு வாங்குவது டிரைவர். பலகையை மதித்தால் தாமதம், மதிக்காவிட்டால் குற்றம்!

ராமேசுவரத்துப் பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914ல் திறந்த பழைய பாலம், கடலுப்பில் நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. பிற்காலத்தில் அதன்மேல் அதிர்வு அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். 2022 டிசம்பரில் கருவி எச்சரித்தது, ரயிலை நிறுத்தினார்கள். நல்ல காரியம்! பாலம் விழும்வரை காத்திராமல் பாலத்தின் பேச்சைக் கேட்டார்கள். டீ நதியில் பெயிண்டரின் பேச்சைக் கேட்டிருந்தால் இதுதான் நடந்திருக்கும். புதிய பாலமும் கட்டினார்கள். 2025 ஏப்ரல் 6ல் பிரதம மந்திரி திறந்துவைத்தார். வாத்தியம், கொடி, படம் எல்லாம் குறைவில்லை. ஆனால் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் பார்த்துவிட்டு, திட்டம் போட்ட காலத்திலிருந்தே குறைகள் இருப்பதாக எழுதினார். பாலத்தில் மணிக்கு 75 கிலோ மீட்டர், கப்பலுக்காகத் தூக்குகிற நடுப்பகுதியில் 50 என்று வேகம் கட்டி அனுமதித்தார். ரயில்வே தரப்பு, ஐ.ஐ.டி. நிபுணர்கள் கணக்கைச் சரிபார்த்தார்கள் என்று பதில் சொன்னது. சரிபார்த்திருக்கட்டும். அந்தக் கணக்கில் எத்தனை மில்லி மீட்டர் தொய்வு, எவ்வளவு குலுக்கல் என்பதைப் பாலத்தின் வாசலில் எழுதி ஒட்டினால் என்ன நஷ்டம்? டிக்கெட் விலையை ஒட்டத் தெரிகிறதே!

எனக்குத் தெரிந்த கேங்மேன் ஒருவர், ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் லைனில் நடந்தவர். "பாலத்தைக் காதால பாக்கணும் தம்பி" என்பார். ரிவிட்டுத் தலையைச் சுத்தியால் தட்டினால் இறுகியது ஒரு சத்தம், தளர்ந்தது ஒரு சத்தம். வண்டி ஏறும்போது தாங்கு கட்டை உட்காருகிற சத்தம் மாறினால் அன்றே தெரியும் என்பார். "அதையெல்லாம் எழுதிக் கொடுத்தீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "எழுத எனக்கு ஏது ஏடு? மேஸ்திரிகிட்டச் சொல்லுவேன். அவரு மேல சொல்லுவாரு. மேல போனது திரும்பி வந்ததில்ல" என்று சிரித்தார். கருவி வந்துவிட்டது, கேங்மேன் எதற்கு என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. கருவி பொருத்திய இடத்தைத்தான் கருவி பார்க்கும். எங்கே பொருத்துவது என்று காட்ட லைனில் நடந்தவன் வேண்டாமா?

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை உங்கள் ஊர் வழியாக வேக வண்டி விடப்போகிறோம் என்று யாராவது மேடையேறினால் கைதட்டுங்கள், தவறில்லை. தட்டிய கையோடு மூன்று கேள்வி கேளுங்கள். அந்த வேகத்தில் நம் ஆற்றுப் பாலம் எவ்வளவு தொய்யும்? நிற்கிற வண்டியை வைத்து அளந்தீர்களா, ஓடுகிற வண்டியை விட்டு அளந்தீர்களா? அந்தப் பாலத்தில் நடக்கிற கேங்மேனிடம் கடைசியாகக் கேட்டது எந்தத் தேதியில்?